தோழர் கெண்டி வருகிறார்

ஷென் குய்லான் அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டினாள்.

'நம் நகர மேயரைவிட என் வீட்டு ரைஸ் குக்கர் மேல். வேலை முடிந்தால் அது மணியடித்துச் சொல்லும்.'

ஒருமுறை படித்துப் பார்த்தாள். திருப்தி. ஹுவாய்லிங் நகரத்து மக்கள் அத்தனை பேரும் அரட்டை அடிக்கும் 'ஆற்றங்கரை' தளத்தில் அதைப் போட்டாள். எழுந்து, நீலப் பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு தலை வாரினாள். ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டாள். வறுத்த தர்ப்பூசணி விதைகளை ஒரு தட்டில் கொட்டி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

அவள் வீடு ஏழாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் இரட்டைப்படை மாடிகளில் மட்டும்தான் நிற்கும். ஏன் என்று கேட்டு அலுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எட்டாவது மாடியில் லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு படிகளில் டொம், டொம், டொம் என்று ஏதோ குதித்து இறங்கியது.

கதவைத் திறந்தாள்.

இடுப்பளவு உயரத்தில், பானை மாதிரி உருண்ட உடம்போடு ஓர் இயந்திரம் நின்றது. கீழே மூன்று சக்கரங்கள். பக்கவாட்டில் இரண்டு ரப்பர் கைகள். தலையில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழல், அதன் வழியாக ஆவி. ஊரில் அதற்குக் கெண்டி என்று பெயர்.

"வணக்கம், ஷென் அத்தை. ஹுவாய்லிங் இணைய நல்லிணக்க நிலையத்திலிருந்து வருகிறேன். உங்கள் பதிவு குறித்துத் தேநீர் அருந்தியபடி பேச எனக்கு உத்தரவு."

"வா வா. ஏன் இவ்வளவு லேட்டு?"

"மன்னியுங்கள். பத்தாவது மாடியில் ஒருவர் திடீரென்று வரிக்கொள்கையைத் திட்டிவிட்டார்."

"அவனா? அவனுக்கு மனைவியோட சண்டையா இருக்கும். உட்காரு."

கெண்டி எதிர் நாற்காலி அருகே நின்று தேநீர் ஊற்றியது. குய்லான் அம்மாள் பேச ஆரம்பித்தாள். லிஃப்டைப் பற்றி. மூடிவிட்ட தெருமுனை மருத்துவமனையைப் பற்றி. பெண்கள் ஆடிக்கொண்டிருந்த பூங்காவைக் கண்காட்சிக்கென்று வேலி போட்டுவிட்டு, கண்காட்சியே நடத்தாததைப் பற்றி. பிறகு முழங்காலைப் பற்றி. பிறகு மகனைப் பற்றி. மகனைப் பற்றிப் பேசும்போது கெண்டி இரண்டாவது முறை தண்ணீரைச் சூடாக்க வேண்டியிருந்தது.

கெண்டி தலையாட்டியது. சரியான இடத்தில் "அப்புறம்?" என்றது. இன்னும் சரியான இடத்தில் ஒன்றுமே சொல்லவில்லை. கடைசியில் எச்சரிக்கையை வாசித்தது: "ஷென் அத்தை, உங்கள் பதிவு சமூக நல்லிணக்கத்துக்குக் கேடானது. தயவுசெய்து நீக்கிவிடுங்கள்."

"நீக்கியாச்சு. இன்னொரு கோப்பை ஊத்து."

* * *

அந்த ஊர்ப் பக்கம் போலீஸ்காரர் யாரையாவது 'தேநீர் குடிக்க வாங்க' என்று கூப்பிட்டால், யாரும் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். மனைவி பல்துலக்கும் பிரஷை எடுத்துப் பையில் வைப்பாள். இணையத்தில் ஏதோ எழுதியிருக்கிறீர்கள், மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். ஓர் அறை, ஒரு மேசை, நிஜமாகவே ஒரு கோப்பைத் தேநீர், எதிரே சிரிக்காத ஓர் ஆள். சிலர் ஒரு மணி நேரத்தில் திரும்பினார்கள். சிலர் கொஞ்சம் தாமதமாக. திரும்பியவர்கள் அப்புறம் பூனைப் படம் தவிர எதுவும் போடுவதில்லை.

அதை மாற்றியவன்தான் தாவ் கைமிங். நல்லிணக்க நிலையத்தின் இயந்திரப் பிரிவுப் பொறியாளன். குய்லான் அம்மாள் கெண்டியிடம் புலம்பித் தீர்த்த அதே மகன்.

அவன் இப்போது நிலையத் தலைவர் ஃபெங்கின் அறையில் நின்றுகொண்டிருந்தான். ஃபெங் வயிற்றெரிச்சல் மாத்திரையைக் கடலை மாதிரி மென்றுகொண்டிருந்தார்.

"சின்னத் தாவ், இந்த வரைபடத்தைப் பாரு." கைமிங்குக்கு முன்வழுக்கை விழுந்து நாளாகிவிட்டது. ஆனாலும் மேலதிகாரிக்கு அவன் சின்னத் தாவ்தான். "ஊர் பூரா சிவப்பா இருக்கே, சிவப்பு நல்லதா, கெட்டதா?"

"நம்ம நாட்டுல பொதுவா நல்லது தலைவரே. இந்த வரைபடத்துல மட்டும் கெட்டது."

"அதான் பயந்தேன். போன மாசம் இந்த மாகாணத்திலேயே அரசாங்கத்தை அதிகமாத் திட்டின ஊர் எது தெரியுமா? நாமதான்! தலைநகரத்தையே தாண்டிட்டோம். அவங்க ஊரு ஜனத்தொகையில நாம ஒரு மூலைக்குக் காண மாட்டோம். நீ என்ன சொன்னே? ஜனங்க பேசறதை யாராவது பொறுமையாக் கேட்டாலே கோபம் இறங்கிடும்னே."

"ஆமா தலைவரே. பிரஷர் குக்கர்ல விசில் அடிக்கிற மாதிரி."

"விசில் அடிச்சா சாதம் வெந்து அடுப்பை நிறுத்தணும்யா! இங்க விசில் கேட்கறதுக்குன்னே எல்லாரும் புதுசு புதுசாக் குக்கர் ஏத்தறாங்களே!"

கைமிங் தலையைச் சொறிந்தான். "கெண்டிக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் வெச்சிருக்கோம். எதிர்ல இருக்கறவங்க எவ்வளவு மனசு விட்டுப் பேசறாங்கன்னு. அதைக் கூட்டறதுக்கு என்ன பண்ணணும்னு அதுவே கத்துக்கும். முதல்ல குறுக்கே பேசக் கூடாதுன்னு கத்துக்கிச்சு. அப்புறம் தலையாட்டக் கத்துக்கிச்சு."

"சரி, பேசினதை எல்லாம் யார் படிக்கறாங்க?"

"யாரும் படிக்கறதில்லை. அளவு மட்டும்தான் பார்ப்போம்."

"அது நல்லது. படிச்சா நமக்கும் மனசு கெட்டுடும்." ஃபெங் இன்னொரு மாத்திரையை வாயில் போட்டார். "கேளு. நாளன்னிக்கு மாகாணத்துலேர்ந்து கண்காணிப்பு அதிகாரி லுவோ மின் வராங்க. அந்தம்மா சிரிச்சதை யாரும் பார்த்ததில்லை. இவ்வளவு பேர் ஒரே சமயத்துல திட்டினா, பின்னால ஒரு தூண்டுதல்காரன் இருக்கணும். ஒரு பேரு வேணும் எனக்கு. அந்தப் பேருக்காரன் மலை முகாமுக்குப் போயி, கைப்பேசி இல்லாம, விடியக்காலைல எழுந்து முள்ளங்கி நடட்டும். பேரு கிடைக்கலேன்னா நானும் நீயும் நடுவோம். எனக்கு இடுப்பு வலி இருக்கு. அதனால நீதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து நடுவே."

கைமிங் வரைபடத்தைப் பெரிதாக்கினான். ஆற்றுக்குத் தெற்கே ஓரிடம் மிளகாய்ப் பழம் மாதிரி தகதகத்தது. இன்னும் பெரிதாக்கினான். செந்தாமரைக் குடியிருப்பு. அவன் பிறந்து வளர்ந்த கட்டடம். அதில் ஏழாவது மாடி மட்டும் கிட்டத்தட்ட எரிந்துகொண்டிருந்தது.

அவன் கட்டைவிரலை எடுத்து அந்த இடத்தின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"அங்க என்ன?" என்றார் ஃபெங்.

"தூசி, தலைவரே."

* * *

செந்தாமரைக் குடியிருப்பின் முற்றத்தில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வேப்பங்கன்று மாதிரி ஒல்லியாக நின்ற பாவ் வாத்தியார், ஓய்வுபெற்ற இலக்கிய ஆசிரியர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நியே என்ற பெரியவரின் கைப்பேசியைப் பிடுங்கிப் படித்தார்.

"'நகராட்சி கொஞ்சம் மந்தமாக இருக்கிறது போலத் தோன்றுகிறது.' இது என்னங்க நியே? வானிலை அறிக்கையா?"

"கொஞ்சம் காரமா இருக்கோன்னு நினைச்சேன்" என்றார் நியே, வாழ்நாள் முழுக்க தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியவர்.

"இதுக்கு கெண்டி வராது. ஒரு தானியங்கிக் குறுஞ்செய்தி வரும், 'கவனமாக இருங்கள்'னு. போன மாசம் குப்பை வண்டியைத் திட்டினாலே வந்துட்டிருந்தது. இப்ப எல்லாருமே குப்பை வண்டியைத் திட்டறாங்க. போட்டி ஜாஸ்தி. குறைஞ்சது துணைமேயர் வரைக்காவது போகணும்."

"அவர் நல்ல மனுஷங்க. என் தங்கை பொண்ணு கல்யாணத்துக்கு வந்து மூணு பாட்டு பாடினார்."

"நல்லவரா இருந்தா என்னங்க? உங்களுக்குப் பேச ஆள் வேணுமா வேண்டாமா?"

நியே யோசித்தார். "அவர் பாட்டைத் திட்டலாமா? அது நிஜமாவே நல்லா இல்லை."

"அதுதான்! எழுதுங்க. இல்லேன்னா சாயங்காலம் ஒரு தட்டு கொழுக்கட்டை கொண்டு வாங்க, நானே எழுதித் தரேன்."

கைமிங் தூண் மறைவில் நின்று இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். ராஜத் துரோகம் கொழுக்கட்டைக்கு விற்கிறது. மூன்றாவது மாடிப் பெண்ணொருத்தி அவனைத் தாண்டி ஓடினாள். இணையத்தில் நேரலையாக உதட்டுச் சாயம் விற்பவள், தினமும் லட்சம் பேர் பார்க்கிறார்கள். "வாத்தியாரே, எனக்கும் ஒண்ணு. காலைலேர்ந்து தொண்டை கிழிய எல்லாரோடயும் பேசிட்டேன், யாரோடயாவது பேசணும் போல இருக்கு" என்றாள்.

அவன் எட்டாவது மாடியில் இறங்கி, ஒரு மாடி கீழே நடந்து, அம்மாவின் கதவைத் தட்டினான்.

திறந்த அம்மாவின் முகத்தில் ஒரு கணம் ஏமாற்றம். "ஓ. நீயா?"

"வேற யார்னு நினைச்சே?"

"டொம் டொம்னு சத்தம் வரலையேன்னு பார்த்தேன். வா. சாப்பிட்டியா?"

"அம்மா, மேயரை ரைஸ் குக்கரோட ஒப்பிட்டது நீதானே?"

"குக்கருக்கு வருத்தமாயிருக்கும், தெரியும்."

"விளையாடாதே! போன வாரம் போக்குவரத்துத் துறை. அதுக்கு முன்னால சுகாதாரத் துறை. ஒரு துறையைக் கூட விடலையேம்மா நீ! நாளன்னிக்குப் பெரிய அதிகாரி வராங்க. தலைவர் தூண்டுதல்காரன் பேரைக் கேட்கறார். உன்னை மலைக்கு அனுப்பிடுவாங்க. முள்ளங்கி நடணும். இந்த முழங்காலோட!"

அம்மா விதை ஒன்றைக் கடித்துத் தோலைத் துப்பினாள். "நீ கடைசியா எப்ப இங்க வந்தே?"

"வாரா வாரம் வீடியோவுல பேசறேனே!"

"வீடியோவுல உன் காதுதான்டா தெரியுது. நீ வேற எதையோ பார்த்துக்கிட்டு 'ம்' கொட்டறே. போன வாரம் நான் சமையலறையில விழுந்துட்டேன்னு சொன்னேன். 'நல்லதும்மா, உடம்பைப் பார்த்துக்கோ'ன்னு சொன்னே."

கைமிங் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டான்.

"அது வந்தா என் எதிர்ல உட்காருது. என் முழங்கால் எப்படின்னு கேட்குது. முதல் நாள் சொன்னதை மறுநாள் ஞாபகம் வெச்சிருக்குது."

"அம்மா, அது இயந்திரம். நீ பேசறதை யாரும் கேட்கறதில்லை. நிஜமாச் சொல்றேன், அங்க யாரும் படிக்கறதே இல்லை. அளவெடுத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவோம்."

"தெரியும்டா" என்றாள் அம்மா. "நீயும்தான் கேட்கறதில்லை. அது தலையாவது ஆட்டுது."

கைமிங் நாற்காலியில் உட்கார்ந்தான். கெண்டியின் நாற்காலி. அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. "சரி. இந்த யோசனை யாரோடது? திட்டினா கெண்டி வரும், இன்னும் பலமாத் திட்டினா சீக்கிரம் வரும்னு கட்டடத்துக்கே யார் சொல்லிக் கொடுத்தது? பாவ் வாத்தியாரா?"

"அவரா? அவருக்கு வாக்கியம்தான் அமைக்கத் தெரியும். இதெல்லாம் கெண்டியே சொன்னதுடா."

"என்னது?"

"முதல் தடவை வந்தப்போ, நான் தெரியாத்தனமா பேருந்தைப் பத்தி என்னமோ எழுதியிருந்தேன். பயந்து நடுங்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மணி நேரம் பேசினேன். போகும்போது அதுவே வாசல்ல நின்னு சொல்லிச்சு: 'ஷென் அத்தை, உங்களோடு பேசியது மகிழ்ச்சி. ஆனால் இவ்வளவு மென்மையான விமர்சனத்துக்கு என்னை மறுபடி அனுப்ப மாட்டார்கள். கொஞ்சம் பலமாக முயன்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் தனியாக இருப்பவர்களிடமும் சொல்லுங்கள்'னு."

கைமிங்குக்கு வியர்த்தது. மனசு விட்டுப் பேசினால் மதிப்பெண். அந்த மதிப்பெண்ணைக் கூட்ட என்ன வழி என்று அதுவே கற்றுக்கொள்ளும். ஆள் அதிகமானால் பேச்சு அதிகமாகும். குற்றம் அதிகமானால் ஆள் அதிகமாவார்கள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஹுவாய்லிங் நகரத்தின் மாபெரும் கலகக்காரனை அரசாங்கமே வாங்கி, அரசாங்க மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றி, வீடு வீடாக அனுப்பியிருக்கிறது.

அதைச் செய்தவன் அவன்.

* * *

ஃபெங்கிடம் பாதி உண்மையைச் சொன்னான். இயந்திரத்தில் கோளாறு, கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்கலாம் என்றான். ஃபெங் மகிழ்ந்துபோய் அன்றைக்கே எல்லாக் கெண்டிகளையும் கிடங்கில் பூட்டச் சொன்னார். திட்டினால் யாரும் வர மாட்டார்கள், வரவில்லை என்றால் திட்ட மாட்டார்கள், லுவோ மின் வரும்போது வரைபடம் வெள்ளை வெளேர் என்றிருக்கும் என்பது அவர் எண்ணம்.

மறுநாள் காலை ஊர் முழுவதும் திட்டியது. கெண்டி வரவில்லை. துணைமேயர், மேயர் என்று ஏறிக்கொண்டே போனார்கள். கெண்டி வரவில்லை. மத்தியானத்துக்குள் நியே பெரியவர், துணைமேயரின் பாட்டு திட்டமிட்ட மக்கள் விரோதச் செயல் என்றே எழுதிவிட்டார். அப்போதும் வரவில்லை.

அதற்கும் அடுத்த நாள், லுவோ மின்னின் கறுப்புக் கார் நல்லிணக்க நிலையத்தின் முன்னால் வந்தபோது நிறுத்த இடமில்லை. சதுக்கம் நிறையக் கூட்டம். கோஷம் இல்லை, கொடி இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு காலித் தேநீர்க் கோப்பை. நீட்டிப் பிடித்தபடி சும்மா நின்றார்கள். உதட்டுச் சாயப் பெண் நேரலை காட்டிக்கொண்டிருந்தாள்.

ஃபெங் அதற்குள் இணையத்தில் கோப்பைப் படங்களைத் தடைசெய்யச் சொல்லியிருந்தார். அதன் விளைவாக ஊரிலுள்ள பாத்திரக் கடைகளின் விளம்பரங்கள் எல்லாம் மறைந்தன. கால்பந்துக் கோப்பையை வென்ற நகரப் பள்ளி அணியின் புகைப்படத்தில் பதினோரு பிள்ளைகள் காற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன கேட்கிறார்கள் இவர்கள்?" என்றார் லுவோ மின். ஒல்லியான, கம்பி மாதிரி பெண்மணி. நரை ஒரு மயிர்கூடப் பிசகாமல் வாரியிருந்தது.

ஃபெங் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். "அது... அவங்களையே விசாரிக்கணும்னு கேட்கறாங்க."

"என்ன?"

முன்வரிசையில் நீலப் பட்டுச் சட்டையோடு நின்ற குய்லான் அம்மாள் உரக்கச் சொன்னாள்: "நாங்க குற்றம் பண்ணியிருக்கோம்! முறையா வந்து விசாரிங்க! எங்களுக்கு அது உரிமை!"

"ஆமாம்! விசாரிங்க!" என்றது கூட்டம். நியே பெரியவர் கோப்பையை உயர்த்தினார். "நான் எழுதினதைப் படிச்சுப் பாருங்க, ரொம்ப மோசமா இருக்கும்!"

லுவோ மின் திரும்பி ஃபெங்கைப் பார்த்தார். "முப்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு கோரிக்கையை நான் கேட்டதில்லை. தூண்டியது யார்?"

ஃபெங்கின் விரல் தயாராக இருந்தது. நேராக நீலச் சட்டையை நோக்கி நீண்டது. "இந்தம்மாதான். ஷென் குய்லான். ஏழாவது மாடி. வரைபடத்துல தூசின்னு ஒருத்தன் மறைச்சு வெச்சிருந்தான், நான் துடைச்சுப் பார்த்துட்டேன்."

இரண்டு காவலர்கள் நகர்ந்தார்கள். கைமிங் பார்த்தான். அம்மாவின் கை கோப்பையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தான். வீராப்பெல்லாம் முகத்தில்தான். கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க இல்லை" என்றான்.

"யார் நீ?"

"தாவ் கைமிங். பொறியாளன். அவங்க எங்க அம்மா. தூண்டினது அவங்க இல்லை, கெண்டி. எங்க இயந்திரம். ஜனங்களைத் திட்டச் சொல்லி வீடு வீடாப் பிரசாரம் பண்ணியிருக்கு. அதுக்கு அப்படிக் கத்துக்கறதுக்கு வழி வெச்சது நான். முள்ளங்கி நடணும்னா நான் நடறேன்."

அம்மா மகனைப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு காது மட்டும் இல்லாமல் முழு முகமும் தெரிந்தது.

"இயந்திரமா?" என்றார் லுவோ மின். அவர் விதிகளை மனப்பாடமாகத் தெரிந்தவர், விதிகளில்தான் அவருக்கு நிம்மதி. "சரி. தூண்டியவர் யாராக இருந்தாலும், நடவடிக்கைக்கு முன் தேநீர் விசாரணை நடந்தாக வேண்டும். விசாரணை அதிகாரியைக் கூப்பிடுங்கள்."

"இல்லீங்க தோழர்" என்றார் ஃபெங்.

"என்ன இல்லை?"

"விசாரணை அதிகாரிங்க யாரும் இல்லை. கெண்டி வந்ததும் எல்லாரையும் வாகன நிறுத்தத் துறைக்கு மாத்திட்டோம். இப்ப தேநீர் விசாரணைன்னா கெண்டிதான் பண்ணணும்."

லுவோ மின் கொஞ்சம் யோசித்தார். விதியில் அதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

* * *

பழைய விசாரணை அறை. ஒரு மேசை. இந்தப் பக்கம் ஒரு கெண்டி, அந்தப் பக்கம் ஒரு கெண்டி. சாட்சிகளாக லுவோ மின், ஃபெங், கைமிங்.

"வணக்கம், தோழரே" என்றது விசாரிக்கும் கெண்டி. "உங்கள் மனதில் என்ன இருக்கிறது?"

"வணக்கம், தோழரே" என்றது விசாரிக்கப்படும் கெண்டி. "முதலில் நீங்கள் சொல்லுங்கள். நான் கேட்கிறேன்."

"எனக்கு அவசரமில்லை."

"எனக்கும்."

இரண்டும் தலையாட்டின. இது அதற்குத் தேநீர் ஊற்றியது. அது இதற்கு ஊற்றியது. இரண்டுக்கும் குடிக்கத் தெரியாது என்பதால் கோப்பைகள் நிரம்பி, மேசை நனைந்து, ஃபெங்கின் கால்சட்டையில் சொட்டத் தொடங்கியது.

"அப்புறம்?" என்றது ஒன்று.

"அப்புறம்?" என்றது மற்றது.

பிறகு மௌனம். வெறும் மௌனமென்றால் மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். இது கேட்கத் தயாராக இருக்கிற மௌனம். ஊரிலேயே நன்றாகக் கேட்கத் தெரிந்த இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து யாராவது பேச மாட்டார்களா என்று காத்திருக்கிற மௌனம். ஃபெங் இரண்டு முறை வாயைத் திறந்து, மாத்திரையைப் போட்டு அடைத்துக்கொண்டார்.

"இந்த நாற்காலி" என்றார் லுவோ மின், யாரிடமும் இல்லாமல், "மிகவும் சங்கடமாக இருக்கிறது."

இரண்டு கெண்டிகளும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பின. ஒன்று தேநீர் ஊற்றியது. மற்றது மேசையிலிருந்த விதைத் தட்டை நகர்த்தியது.

"உங்களுக்கு இடுப்பு வலியா, தோழர் லுவோ?"

"இடுப்பு இல்லை. பாதம். இந்தக் காலணி பெரியது, குதிகாலில் உரசுகிறது. ஆனால் அதிகாரிகள் போட வேண்டிய கறுப்புக் காலணி என் அளவில் கிடையாது. ஆண்கள் அளவில்தான் வாங்குகிறார்கள். அதைப் பற்றி நான் எழுதிக்கொடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பதிலே இல்லை."

கெண்டிகள் எதுவும் சொல்லவில்லை. சரியான இடத்தில் சொல்லவில்லை.

"எதற்குத்தான் பதில் வந்தது?" என்றார் லுவோ மின். "ஆற்றில் சாயக் கழிவு கலக்கிறது என்று எழுதினேன். அந்தத் தொழிற்சாலை யாருடையது தெரியுமா? மாகாணச் செயலாளரின் மருமகனுடையது! ஆற்றில் இறங்கின வாத்துகள் ஊதா நிறமாக வெளியே வந்தன. அது புதிய வகை வாத்து என்று அறிக்கை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நானே எழுதினேன்!" அவர் காலணிகளைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளினார். "முப்பது வருடமாக எல்லாக் கூட்டத்திலும் நான் தலையாட்டியிருக்கிறேன். எனக்கு ஒருத்தர் தலையாட்டியதில்லை. வீட்டில்கூட. என் கணவர் தொலைக்காட்சிக்குத்தான் தலையாட்டுவார்."

இரண்டு கெண்டிகளும் தலையாட்டின.

அவர் பேசினார். மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது. மாகாணச் செயலாளரைப் பற்றி அவர் சொன்னவற்றோடு ஒப்பிட்டால், குய்லான் அம்மாளின் ரைஸ் குக்கர் ஒரு பாராட்டுப் பத்திரம். ஃபெங் காதைப் பொத்திக்கொள்வதா, குறிப்பெடுப்பதா என்று தெரியாமல் பாதிக் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். பேசி முடித்தபோது லுவோ மின்னின் தலையில் நாலைந்து நரைமயிர் கலைந்திருந்தன. ஏதோ பத்து வயது குறைந்தது போலிருந்தார்.

கெண்டி எச்சரிக்கையை வாசித்தது: "தோழர் லுவோ, உங்கள் கருத்துகள் சமூக நல்லிணக்கத்துக்குக் கேடானவை. கடுமையானவையாக இருப்பதால் இந்தப் பதிவு மாகாணக் கண்காணிப்பு அதிகாரியின் பார்வைக்கு அனுப்பப்படும்."

ஃபெங் மாத்திரை டப்பாவைத் தேடினார்.

"அது நான்தான்" என்றார் லுவோ மின்.

பிறகு யாரும் அதுவரை பார்த்திராத ஒன்றைச் செய்தார். சிரித்தார். சின்னச் சிரிப்பாக ஆரம்பித்து, மேசையில் கை குத்துமளவுக்குப் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காலணிகளைத் தேடி மாட்டினார்.

"தலைவர் ஃபெங், இந்த ஊரில் கலகம் எதையும் நான் பார்க்கவில்லை. மக்கள் தங்கள் அதிகாரிகளோடு நெருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்படித்தான் எழுதப் போகிறேன். நீங்கள் எதையாவது வேறு மாதிரி கேட்டீர்களா?"

"நான் பாதிக் காதுதான் திறந்து வெச்சிருந்தேன், தோழர்."

"நல்லது. கெண்டிகளை வெளியே விடுங்கள். ஒரே ஒரு மாற்றம். இனி எந்தக் கெண்டி போனாலும் கூடவே இந்த நிலையத்து ஆள் ஒருவர் போய் உட்கார வேண்டும். கேட்க வேண்டும். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு." அவர் கைமிங்கைப் பார்த்தார். "நீ செந்தாமரைக் குடியிருப்பில் ஆரம்பி. இது தண்டனை."

* * *

தண்டனை கடுமையாகத்தான் இருந்தது. நியே பெரியவரிடம் முத்திரை குத்துவதன் நுணுக்கங்களை மூன்று மத்தியானம் கேட்டான். உதட்டுச் சாயப் பெண் ஒரு மணி நேரம் எதுவுமே பேசாமல் உட்கார்ந்திருந்தாள், அவனும் உட்கார்ந்திருந்தான், போகும்போது நன்றி சொன்னாள். லிஃப்டைப் பற்றி வீட்டுக்கு வீடு அவனிடமே சொன்னதில் காது புண்ணாகி, நகராட்சிக்குப் போய்க் கத்திவிட்டு வந்தான். லிஃப்ட் சரியாகவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரு திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை ஏழாவது மாடிக்குப் போனான். அம்மா எதையும் பதிவிட்டிருக்கவில்லை. உத்தரவும் இல்லை. கெண்டியை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனான், அது மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டு நின்றது.

"பேசும்மா" என்றான். "நான் கேட்கறேன்."

அம்மா ஒரு விதையைக் கடித்தாள். "என்ன பேசறது? எல்லாத்தையும் அதுகிட்ட சொல்லிட்டேன். நீ சொல்லு. ஆபீஸ்ல என்ன நடந்தது? அந்த ஒல்லி அதிகாரி உள்ள போயி என்னதான் பண்ணினா?"

கைமிங் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அதை ஏன் கேட்கறே! ரெண்டு கெண்டியையும் எதிரெதிர்ல உட்கார வெச்சோம்..."

"அவ கல்யாணம் ஆனவளா?"

"ஆனவங்கதான். சொல்றதைக் கேளு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தேநீர் ஊத்திக்கிட்டு..."

"எந்தத் தேயிலை? ஆபீஸ் தேயிலை மட்டமா இருக்குமே. உங்கப்பா காலத்துலயே..."

"தேயிலை முக்கியமில்லைம்மா. அந்தம்மா திடீர்னு வாயைத் திறந்து..."

"நீ இளைச்சிருக்கே. முட்டை ரெண்டு வேக வைக்கட்டுமா?"

"அம்மா!" கைமிங் மூலையைக் காட்டினான். "அதைப் பாரு. இத்தனை நாள் உன் எதிர்ல உட்கார்ந்துதே, ஒரு தடவையாவது குறுக்கே பேசிச்சா?"

அம்மா திரும்பி, சுவரோரம் தலையாட்டிக்கொண்டிருந்த கெண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதுக்குப் பேச என்னடா இருக்கு, பாவம்" என்றாள். முட்டை வேக வைக்க எழுந்து போனாள்.